புணேயில் சிறு குழந்தையின் விளையாட்டிடம்: வீட்டு முற்றம் முதல் மாநகராட்சிப் பூங்கா வரை

புணே நகரத்தின் வரலாற்றை எழுதியவர்கள் மராத்திய ஆட்சியாளர்களான பேஷ்வாக்களின் மாளிகைகளையும், ஆங்கிலேயரின் பாசறைப் பகுதியையும், ஃபுலே, ரானடே, திலகர், கோகலே ஆகியோரின் பொதுவாழ்வையும் விரிவாகப் பதிவு செய்திருக்கிறார்கள். நடை பழகும் வயதுக் குழந்தை, அதாவது ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தை, அந்த நகரத்தில் எங்கே விளையாடியது என்ற கேள்விக்கு அவர்களுடைய நூல்களில் பெரும்பாலும் இடமில்லை. வீடு கட்டும் முறையின் வரலாற்றிலும், தோட்டங்களின் வரலாற்றிலும், பாலர் கல்வியின் வரலாற்றிலும் சிதறிக் கிடக்கும் செய்திகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு விடை கிடைக்கிறது. அந்த வயதுக்குரிய விளையாட்டிடம் ஒரு காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. வீடு மாறியபோது அந்த இடமும் மறைந்தது. அதற்கு ஈடாக நகரம் கட்டிக் கொடுத்த பூங்காக்கள் அழகானவை, மக்களின் அன்பைப் பெற்றவை, ஆயினும் பெரும்பாலான குழந்தைகளுக்கு அவை தொலைவில் இருந்தன. சிறு குழந்தையைப் பொறுத்தவரை பூங்காவின் சிறப்பைவிட அதன் தொலைவே முதலில் எண்ணப்பட வேண்டியது என்பதை நகர நிர்வாகம் உணர்வதற்கு நெடுங்காலம் பிடித்தது.

இந்த வயதின் தேவைகளை நுணுக்கமாகப் பகுத்துப் பார்க்கும் பழக்கம் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியம் குழந்தைப் பருவத்தைப் பத்துப் பருவங்களாக வகுத்து, ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் கைகொட்டும் சப்பாணி, பதின்மூன்றாம் மாதத்தில் நடந்து வரும் வருகை என்று ஒழுங்குபடுத்துவதோடு, ஆண்பாற் பிள்ளைத்தமிழில் பதினேழாம் மாதத்துக்குச் சிற்றிலையும், பத்தொன்பதாம் மாதத்துக்குச் சிறுபறையையும், இருபத்தொன்றாம் மாதத்துக்குச் சிறுதேரையும் உரியனவாகக் காட்டுகிறது. சிற்றில் என்பது மணலில் கட்டும் விளையாட்டு வீடு. சிறுபறை தட்டி ஒலியெழுப்பும் பறை. சிறுதேர் இழுத்துச் செல்லும் வண்டி. மணல், ஓசை, உருளும் பொருள் ஆகிய இம்மூன்றும் இன்றைய பூங்கா வடிவமைப்பாளர்கள் இரண்டு வயதுக் குழந்தைக்கெனப் பரிந்துரைக்கும் பொருள்களோடு ஏறத்தாழ அப்படியே பொருந்துகின்றன. இவை மூன்றுக்கும் வேண்டியது பரந்த நிலமன்று; தாயின் பார்வைக்கு எட்டும் தொலைவில், வண்டி வாகனம் வராத, கொஞ்சம் மண்ணுள்ள ஓரிடம் போதும்.

பழைய புணேயில் அத்தகைய இடத்தை வாடா என்னும் வீட்டமைப்பு தந்தது. முட்டா ஆற்றின் வலக்கரையில் கஸ்பா, சனிவார், புத்வார், சதாசிவ், நாராயண் முதலிய பேட்டைகளாக வளர்ந்த நகரத்தில், வசதியுள்ள குடும்பங்கள் கல் அடித்தளத்தின் மீது மரத்தூண்களும் செங்கல் சுவர்களும் கொண்டு எழுப்பிய முற்ற வீடே வாடா. தெருவை நோக்கிய பெருங்கதவும், ஆள் நுழைவதற்கென அக்கதவிலேயே வெட்டப்பட்ட திண்டி என்னும் சிறுகதவும், உள்ளே சௌக் எனப்படும் திறந்த முற்றமும், அதைச் சுற்றி ஓசரி எனப்படும் தாழ்வாரமும் அதன் அடிப்படை உறுப்புகள். பெரிய வாடாக்களில் முற்றங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை: முன்முற்றம் கணக்கு வழக்கும் விருந்தினரும் புழங்கும் ஆண்களின் இடமாகவும், பின்முற்றம் துளசி மாடமும் கிணறும் உள்ள பெண்களின் இடமாகவும் அமைந்திருந்தன. தமிழ்நாட்டின் முற்ற வீடுகளை அறிந்தவர்களுக்கு இந்த அமைப்பு உடனே விளங்கும். நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்திருந்ததால் நாளின் பெரும்பகுதியில் முற்றத்தின் ஏதோ ஒரு பக்கம் நிழலில் இருந்தது. தாழ்வாரத்தின் படி, ஏறவும் இறங்கவும் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு ஏற்ற உயரத்தில் இருந்தது. பெருங்கதவு சாத்தியிருந்ததால் குழந்தை தெருவுக்குப் போய்விடும் என்ற அச்சமில்லை. கிணறும், காத்ரஜ் ஏரியிலிருந்து நானாசாகேப் பேஷ்வா காலத்தில் கொண்டுவரப்பட்ட நிலத்தடி நீர்க்கால்வாயால் நிரம்பிய ஹௌத் என்னும் தொட்டிகளும் ஆபத்தானவைதாம். ஆயினும் பாட்டியோ அத்தையோ அக்காவோ எப்போதும் அங்கே இருந்தார்கள். வாடாவில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது தனியொரு வேலையாகப் பிரியாமல், அரிசி புடைப்பதற்கும் துணி உலர்த்துவதற்கும் இடையே நடந்தேறியது.

அந்த முற்றத்தில் விளையாட்டுக்குப் பருவங்களும் இருந்தன. நவராத்திரி நாள்களில் பலகையின் மீது யானை உருவம் வரைந்தோ வைத்தோ, சிறுமிகள் அதைச் சுற்றி வட்டமாக வந்து பாடும் போண்ட்லா நடந்தது. பாட்டு முடிந்தபின் வழங்கப்படும் தின்பண்டம் என்னவென்று ஊகித்துச் சொல்வதும் அதில் ஒரு பகுதி. நடக்கத் தெரிந்த சிறு குழந்தையும் அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு அந்த வட்டத்தில் சேர்ந்துவிடும். தீபாவளிக்கு முன்பு மண்ணும் கல்லும் கோணியும் கொண்டு கில்லா என்னும் கோட்டையைக் கட்டுவதும், அதன் மேல் கடுகு முதலிய விதைகளைத் தூவிப் பசுமை முளைக்கச் செய்வதும், சிவாஜியையும் அவருடைய மாவள வீரர்களையும் குறிக்கும் மண்பொம்மைகளை அடுக்குவதும் மகாராட்டிரம் முழுவதிலும், குறிப்பாகப் புணேயில், சிறுவர்களின் பெருங்கொண்டாட்டம். கட்டுவது பெரிய பிள்ளைகளின் வேலை. மண்ணைக் குழைப்பதும் கலைப்பதும் சின்னதுகளின் வேலை. பாத்துகலி என்னும் சமையல் விளையாட்டு ஆண்டு முழுவதும் நடந்தது. பித்தளையிலும் செம்பிலும் செய்த சின்னஞ்சிறு அடுப்பு, குடம், தட்டு, கரண்டி ஆகியவற்றைக் கொண்ட பாத்துகலித் தொகுதிகள், பதினெட்டாம் நூற்றாண்டில் நாரோ அப்பாஜி கட்டிய இராமர் கோயிலைச் சுற்றி வளர்ந்த துளசிபாக் கடைத்தெருவில் இன்றும் விற்கப்படுகின்றன. நம் வீடுகளில் சொப்பு வைத்து விளையாடியதற்கும் இதற்கும் உலோகத்தைத் தவிர வேறுபாடு அதிகமில்லை.

முற்றத்தைப் போற்றும்போது அது எல்லாருக்கும் உரியதாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வாடா பிராமணர்களின், சர்தார்களின், வணிகர்களின் வீடு. கைவினைஞர் சந்துகளிலும், நகரின் விளிம்பில் தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டோர் வாழ்ந்த குடியிருப்புகளிலும் பிறந்த குழந்தைகளுக்குத் தெருவும் ஆற்றங்கரையும்தாம் விளையாட்டிடம். வாடாவுக்குள்ளேயே சில குழந்தைகளுக்கு இடமில்லாமலும் போனது. இளம் விதவைகளுக்குப் பிறக்கும் சிசுக்கள் கொல்லப்படுவதைத் தடுப்பதற்காக 1863இல் ஜோதிராவ் ஃபுலேயும் சாவித்திரிபாய் ஃபுலேயும் சிசுக்கொலைத் தடுப்பு இல்லம் ஒன்றைப் புணேயில் நிறுவி, தாய்மார்களுக்கும் குழந்தைகளுக்கும் புகலிடம் அளித்தார்கள். அங்கே பிறந்த ஒரு குழந்தையைப் பின்னர் அவர்களே தத்தெடுத்து வளர்த்தார்கள். கைக்குழந்தைகளுக்காகப் பொதுநோக்கில் திறக்கப்பட்ட நகரின் தொடக்ககால இடங்களில் இதற்கே முதன்மை தர வேண்டும். விளையாட்டிடங்களின் வரலாற்றில் இதைக் குறிப்பிடுவது பொருத்தமற்றதாகத் தோன்றலாம். ஆனால் எந்தக் குழந்தைக்கு இடமுண்டு என்ற கேள்வி தீர்ந்த பிறகுதான் எங்கே இடமுண்டு என்ற கேள்வி எழும்.

பேஷ்வாக்களின் காலத்தில் தோட்டங்களுக்குக் குறைவில்லை. அவை உடையவர்களின் தோட்டங்களாக இருந்தன. பர்வதிக் குன்றின் அடிவாரத்தில் 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில் நானாசாகேப் பேஷ்வா பெரிய ஏரி ஒன்றைத் தோண்டுவித்தார்; அதன் நடுவிலிருந்த தீவில் பின்னர் பிள்ளையார் கோயில் எழுந்தது. தள்யாதலா கணபதி, அதாவது குளத்துப் பிள்ளையார், என்று மக்கள் அழைத்த அந்தக் கோயிலைச் சுற்றியுள்ள பகுதியே இன்றைய சாரஸ்பாக். 1774இல் பிறந்து, நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோதே பேஷ்வா பதவிக்குரிய ஆடையைப் பெற்ற சவாய் மாதவராவ் விலங்குகளிடம் பெரும் விருப்பம் கொண்டிருந்தார். பர்வதியின் அடிவாரத்திலேயே அவருக்கென விலங்குக் காட்சியகம் ஒன்று பேணப்பட்டது. அங்கிருந்த காண்டாமிருகத்தை 1790 நவம்பரில் கங்காராம் தாம்பட் என்னும் புணே ஓவியர் வரைந்த படம் இப்போது அமெரிக்காவின் ஏல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளது.   நகரத்தின் மற்ற குழந்தைகள் காண முடியாத விலங்குகளைத் தனக்கென வைத்திருந்த அந்த இளம் பேஷ்வா இருபத்தொரு வயதில், 1795இல், தம் மாளிகையான சனிவார்வாடாவின் மேல்மாடத்திலிருந்து விழுந்து இறந்தார். ஏறத்தாழ நூற்றறுபது ஆண்டுகளுக்குப் பிறகு அதே அடிவாரத்தில் நகரத்தின் எல்லாக் குழந்தைகளுக்குமாக ஒரு விலங்குக் காட்சியகம் திறக்கப்பட்டது என்பது புணேயின் பொதுவாழ்வு எவ்வளவு தொலைவு நடந்து வந்தது என்பதைக் காட்டும் செய்தி.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஆற்றின் அணையை ஒட்டிய பண்ட் தோட்டமும், படைவீரர்களுக்கென ஏற்பட்டு, விக்டோரியா 1877இல் பேரரசி என்ற பட்டம் ஏற்ற பிறகு எம்பிரஸ் தோட்டம் என்று பெயர்பெற்ற சோலையும் உருவாயின. மேற்கிந்திய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் பேணிவரும் எம்பிரஸ் தோட்டம் ஏறத்தாழ 39 ஏக்கர் பரப்பில், பழைய மரங்களும் அவற்றைத் தழுவி ஏறிய பெருங்கொடிகளுமாக இன்றும் நகரின் தலைசிறந்த நிழலிடமாக விளங்குகிறது. ஆனால் இவை பாசறைப் பகுதியின் வாழ்வோடு பிணைந்தவை. பேட்டைகளில் வாழ்ந்த தாய் ஒருத்தி மாலைப்பொழுதில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்வரும் இடங்களாக அவை இருக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புணே விளையாட்டைத் தேசியப் பணியாகவே கருதியது. 1906இல் தொடங்கப்பட்ட டெக்கான் ஜிம்கானா 1914இல் கோ-கோ ஆட்டத்துக்கு விதிகள் வகுத்தது. 1924இல் சிவ்ராம்பந்த் தாம்லே மகாராஷ்ட்ரீய மண்டல் என்னும் அமைப்பை நிறுவி உடற்பயிற்சிக் கல்விக்கு வாழ்நாளை அளித்தார். இந்த மைதானங்கள் இளைஞரின் உடலை வலுப்படுத்தும் நோக்கம் கொண்டவை. நடை பழகும் குழந்தைக்கு அவற்றின் வேலியோரமே மிச்சம். அதே காலத்தில் பாலர் கல்வியாளர்கள் வேறு திசையில் சிந்தித்தார்கள். கிஜுபாய் பதேகாவோடு பாவ்நகரில் பணியாற்றிய தாராபாய் மோடக், 1945இல் மகாராட்டிரக் கடற்கரைச் சிற்றூரான போர்டியில் பாலவாடி என்னும் குழந்தைப் பள்ளியைத் தொடங்கினார். ஏழைக் குழந்தைகள் பள்ளியைத் தேடி வரவில்லை என்று கண்டபோது, அவரும் உடன் பணியாற்றிய அனுதாய் வாகும் பள்ளியையே அந்தக் குழந்தைகளின் குடியிருப்பு முற்றங்களுக்குக் கொண்டு சென்றார்கள். அங்கன் என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் நாடறிந்த அமைப்புக்கும், தமிழ்நாட்டில் பால்வாடி என்று வழங்கும் பெயருக்கும் வேர் அங்கே இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அடையாற்றிலும் கொடைக்கானலிலும் தங்கியிருந்த மரியா மாண்டிசோரி 1948இல் புணேயிலும் ஆசிரியப் பயிற்சி வகுப்பு நடத்தினார். குழந்தை கைகளால் கற்கிறது, எனவே அதன் உயரத்துக்கும் வலிமைக்கும் ஏற்பப் பொருள்கள் அமைய வேண்டும் என்ற கருத்து வகுப்பறைகளுக்குள் நுழைந்துவிட்டது. பூங்காக்களை அது எட்டவில்லை என்பதை அடுத்த பத்தாண்டு காட்டியது.

புணே மாநகராட்சி 1950 பிப்ரவரி 15 அன்று அமைந்தது. மூன்று ஆண்டுகளுக்குள், 1953இல், சாரஸ்பாகை அடுத்த நிலத்தில் பேஷ்வே உத்யான் என்னும் பேஷ்வே பூங்காவும் விலங்குக் காட்சியகமும் திறக்கப்பட்டன. 1956 ஏப்ரல் 8 அன்று அங்கே ஃபுல்ராணி என்னும் சிறுவர் இரயில் ஓடத் தொடங்கியது. மலர் அரசி என்று பொருள்படும் அந்தப் பெயர் மராத்தியக் கவிஞர் பாலகவியின் புகழ்பெற்ற கவிதையின் தலைப்பு. இயற்கையைக் குழந்தையின் கண்ணால் பாடிய கவிஞரின் சொல்லைச் சிறுவர் இரயிலுக்குச் சூட்டிய மாநகராட்சியின் நுண்ணுணர்வு பாராட்டுக்குரியது. மரங்களுக்கிடையே வளைந்து செல்லும் அந்த இரயிலும், யானைச் சவாரியும், ஊஞ்சல்களும் சறுக்குமரங்களும் பல தலைமுறைப் புணேவாசிகளின் முதல் நினைவுகளாக இருக்கின்றன. பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஃபுல்ராணியில் போகும் பாட்டியும் அதே இருக்கையில் குழந்தையாக அமர்ந்தவராக இருக்கலாம். நகராட்சி ஒன்றின் பணிகளில் இப்படிப்பட்ட பேறு சிலவற்றுக்கே வாய்க்கும்.

அதே ஆண்டுகளில் ஹாலந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரம் முற்றிலும் வேறான வழியைத் தேர்ந்தது. அந்நகரின் பொதுப்பணித் துறையில் இளம் கட்டடக் கலைஞராக இருந்த ஆல்டோ வான் ஐக் 1947இல் ஒரு சிறு சதுக்கத்தில் மணல்தொட்டி ஒன்றையும் சில கம்பிகளையும் பலகைகளையும் கொண்டு ஒரு விளையாட்டிடத்தை அமைத்தார். தங்கள் தெருவுக்கும் அப்படி ஒன்று வேண்டுமென்று குடியிருப்போர் எழுதிக் கேட்கக் கேட்க, போரில் இடிந்த வீட்டுமனைகளிலும் தெருமுனைகளிலுமாக 1978க்குள் எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்கள் உருவாயின. மணல்தொட்டியின் அகன்ற, தாழ்ந்த விளிம்பு, குழந்தை ஏறுவதற்கும் தாய் உட்காருவதற்கும் ஒருசேரப் பயன்பட்டது. மணலை நகரத்துக்குள் கொண்டுவரும் எண்ணம் அதற்கும் முந்தியது: பெர்லின் பூங்காக்களில் கண்ட மணல் குவியல்களை முன்மாதிரியாகக் கொண்டு 1885ஐ ஒட்டி அமெரிக்காவின் பாஸ்டனில் மணல் தோட்டங்கள் திறக்கப்பட்டன, அந்நாட்டின் விளையாட்டிட இயக்கமே அவற்றிலிருந்துதான் தொடங்கியதாகக் கொள்வர். புணே ஒரு பெரிய அழகிய இடத்தை எல்லாருக்குமாகத் திறந்தது. ஆம்ஸ்டர்டாம் சிறியதும் எளியதுமான ஓரிடத்தை ஒவ்வொரு தெருவுக்கும் தந்தது. எட்டு வயதுப் பிள்ளைக்கு முதலாவது வழி மறக்க முடியாத ஞாயிற்றுக்கிழமையைத் தரும். இரண்டு வயதுக் குழந்தைக்கோ ஞாயிறு என்பதில்லை. அது நாள்தோறும், ஒரு நாளில் இருமுறையும் வெளியே போக வேண்டியது. பேருந்தில் ஏறிப் போய்ச் சேர்வதற்குள் தூங்கிவிடுவது. இந்த வேறுபாட்டை அன்றைய புணே எண்ணாததற்குத் தக்க காரணம் உண்டு: பேட்டைகளில் முற்றங்கள் இன்னும் இருந்தன.

அவை நெடுநாள் நிலைக்கவில்லை. 1961 ஜூலை 12 அன்று பான்ஷெத் அணை உடைந்து, அதன் வெள்ளத்தில் கடக்வாஸ்லா அணையும் தகர்ந்தபோது முட்டா ஆற்றங்கரைப் பேட்டைகளின் பழைய வீடுகள் பெருமளவில் அழிந்தன; வீடிழந்தவர்கள் கோகலேநகர் போன்ற புதிய குடியிருப்புகளுக்குப் பெயர்ந்தார்கள். வெள்ளம் தொடாத வாடாக்களைக் குத்தகைச் சட்டச் சிக்கல்களும் பாகப்பிரிவினையும் நிலமதிப்பின் உயர்வும் மெல்ல மெல்லக் கரைத்தன. ஒரு வாடா இடிக்கப்பட்டு அடுக்குமாடி எழும்போது முற்றம் வாகன நிறுத்துமிடமாகிறது. கில்லா கட்டுவதற்கு மண் இல்லாத பிள்ளைகளுக்கு இப்போது செய்து முடித்த கோட்டைகள் தீபாவளிச் சந்தையில் விற்பனைக்கு வருகின்றன.

1960களில் பர்வதி அடிவாரத்து ஏரிப்படுகை சாரஸ்பாகின் புல்வெளியாக மாறியது; ஜங்கலி மகாராஜ் சாலையில் சம்பாஜி பூங்கா, எரண்ட்வணாவில் கமலா நேரு பூங்கா, மாடல் காலனியில் சித்தரஞ்சன் வாடிகா என்று ஆற்றின் மேற்கே வளர்ந்த புதிய பகுதிகளில் பூங்காக்கள் பெருகின. அவற்றின் விளையாட்டுப் பகுதிகளில் வைக்கப்பட்ட இரும்புச் சறுக்குமரம், ஊஞ்சல், ஏற்றப்பலகை, ஏணிக்கூண்டு ஆகியவை இந்தியா முழுவதும் ஒரே அச்சில் வார்த்தவை. படிகளின் இடைவெளி ஐந்து வயதுக்கு மேற்பட்ட காலுக்குரியது. ஏப்ரல் வெயிலில் தகடு தொட முடியாதபடி கொதிக்கும். ஊஞ்சல் வீசும் பாதையில் நடை பழகும் குழந்தை குறுக்கே போவதைத் தடுக்க வேலியில்லை. தீங்கெண்ணி யாரும் இப்படிச் செய்துவிடவில்லை. குழந்தை என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வயதையும் பத்து வயதையும் அடைத்துவிட்டதன் விளைவு இது.

பூங்காக்களின் எண்ணிக்கையைத் தீர்மானித்தது நகர வளர்ச்சித் திட்டம். 1966ஆம் ஆண்டு மகாராட்டிர மண்டல, நகரத் திட்டச் சட்டத்தின்படி வகுக்கப்படும் இத்திட்டம் ஒவ்வொரு நிலத்துக்கும் பயனைக் குறித்து, பூங்காவுக்கும் மைதானத்துக்கும் என்று சில நிலங்களை ஒதுக்கீடு செய்கிறது. ஒதுக்கீடு என்பது வரைபடத்தில் ஒரு நிறம் மட்டுமே. நிலத்தை மாநகராட்சி விலைகொடுத்தோ வேறு கட்டட உரிமை கொடுத்தோ கையகப்படுத்த வேண்டும். பத்து ஆண்டுகளுக்குள் அது நடக்காவிட்டால் உரிமையாளர் அறிவிப்புக் கொடுத்து, சட்டம் வகுத்த கெடுவுக்குப் பின் ஒதுக்கீட்டைக் காலாவதியாக்கலாம் என்று அச்சட்டத்தின் 127ஆம் பிரிவு கூறுகிறது. புணேயின் 1987ஆம் ஆண்டுத் திட்டத்துக்குப் பின் வந்த அடுத்த வரைவு 2013இல் வெளியானபோது, திறந்தவெளி ஒதுக்கீடுகள் குறைக்கப்படுவதாகக் குடிமக்கள் பல்லாயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் அளித்தார்கள். மாநில அரசு தலையிட்டு, 2017 தொடக்கத்தில்தான் அத்திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. முப்பது ஆண்டு இடைவெளியில் ஒரு தலைமுறை பிறந்து, பூங்கா எழும் என்று காட்டிய நிலத்தைப் பார்த்தபடியே வளர்ந்து, பெற்றோராகவும் ஆகிவிட்டது.

நிலத்தைவிட மனிதரை முன்னிறுத்திய முயற்சிகளும் இருந்தன. 1980களின் நடுவில் சாரஸ்பாகுக்கு அருகில் தொடங்கிய கரவாரே பாலபவன் என்னும் சிறுவர் மையம், ஷோபா பாகவத்தின் வழிகாட்டலில், போட்டியும் மதிப்பெண்ணும் இல்லாத விளையாட்டைக் குழந்தையின் உரிமையாகவே நடத்திக்காட்டியது. மணலும் களிமண்ணும் நீரும் அங்கே ஒதுக்கித் தள்ள வேண்டிய அழுக்காகக் கருதப்படவில்லை. கட்டுமான இடங்களில் தாய் செங்கல் சுமக்கும்போது மணல் மேட்டில் விடப்படும் குழந்தைகளுக்காக, 1969இல் தில்லியில் மீரா மகாதேவன் தொடங்கிய நடமாடும் குழந்தைக் காப்பக இயக்கத்தின் வழிவந்த அமைப்பு புணேயிலும் காப்பகங்களை நடத்தி வருகிறது. நகரத்தின் அடுக்குமாடிகளுக்குள் அழகிய விளையாட்டிடங்களைக் கட்டித் தருபவர்களின் குழந்தைகள் அந்தக் கட்டுமானக் குவியலிலேயே வளர்ந்தார்கள் என்பது எளிதில் கடந்துபோகக் கூடிய செய்தியன்று.

பேஷ்வே பூங்காவின் விலங்குகளுக்கு இடநெருக்கடி ஏற்பட்டதால், 1999இல் காத்ரஜில் ஏரியோடு கூடிய ஏறத்தாழ 130 ஏக்கர் நிலத்தில் ராஜீவ் காந்தி விலங்கியல் பூங்கா திறக்கப்பட்டு, அடுத்த சில ஆண்டுகளில் பழைய காட்சியகம் மூடப்பட்டது. கூண்டுகளிலிருந்து விலங்குகள் விடுபட்டது நல்லதே. பழைய இடம் ஆற்றல் பூங்காவாக மாற்றப்பட, ஃபுல்ராணி மட்டும் தொடர்ந்தது. நகரத்தின் நடுவில் இருந்த பெரிய ஈர்ப்பு தெற்கெல்லைக்குப் போய்விட்ட பிறகு, வீட்டருகே என்ன இருக்கிறது என்ற கேள்வியைத் தள்ளிவைக்க இயலாமற்போனது.

அந்தக் கேள்வியை நேரடியாக எழுப்பியது ஹாலந்தின் பெர்னார்டு வான் லியர் அறக்கட்டளையின் அர்பன்95 என்னும் திட்டம். 95 என்பது மூன்று வயதுக் குழந்தையின் உயரமான 95 சென்டிமீட்டரைக் குறிக்கிறது. அந்த உயரத்திலிருந்து பார்த்தால் நகரம் எப்படித் தெரியும் என்று திட்டமிடுவோர் எண்ணிப்பார்க்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 2010களின் இறுதியில் புணே மாநகராட்சி இதில் இணைந்து, பூங்காக்களுக்குள் மிகச் சிறு குழந்தைகளுக்கெனத் தனிப் பகுதி, தாழ்ந்த சறுக்கு, மணல், தொட்டு ஒலியெழுப்பும் பலகைகள், குழந்தையோடு வருபவர் உட்கார நிழலான இருக்கை, பாலூட்டும் இடம் ஆகியவற்றை முயன்று பார்க்கத் தொடங்கியது. அதே காலத்தை ஒட்டி ஜங்கலி மகாராஜ் சாலையின் நடைபாதை அகலப்படுத்தப்பட்டு, மரநிழலில் இருக்கைகளும் குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருள்களும் அமைக்கப்பட்டன. பூங்காவைத் தேடிப் போவதற்கு மாறாகப் போகும் வழியிலேயே விளையாடலாம் என்ற இந்த ஏற்பாட்டைப் பேஷ்வே பூங்காவுக்குப் பின் புணே செய்த மிக நல்ல காரியங்களுள் ஒன்றாகக் கொள்ளலாம். 2020இல் பெருந்தொற்று பரவிப் பூங்காக்கள் மூடப்பட்டு, பத்து வயதுக்குட்பட்டோர் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அரசு அறிவுறுத்தியபோது, முற்றமில்லாத வீட்டில் நடை பழகிய குழந்தைகளின் பட்டறிவு இந்த வேலையின் அவசரத்தை எல்லாப் பெற்றோருக்கும் உணர்த்தியது.

இன்று புணேயில் சிறு குழந்தைக்கு நல்ல விளையாட்டிடம் தேடும் குடும்பம் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் ஒன்றில் இருக்கிறது. சொசைட்டி என்று வழங்கும் அடுக்குமாடித் தொகுப்பில் வாழ்பவர்களுக்கு, 0.4 ஹெக்டேருக்கு மேற்பட்ட மனைகளில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்ற கட்டட விதியால், மின்தூக்கியில் இறங்கியதும் சறுக்குமரம் காத்திருக்கிறது. பர்வதிச் சரிவிலுள்ள ஜனதா வசாகத் போன்ற நெருக்கமான குடிசைப் பகுதிகளில் அந்த விதி செல்லுபடியாவதற்கு மனையே இல்லை. அங்கே 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிதான் சிறு குழந்தைக்கு வாய்த்த பொது இடம். நகரத்து அங்கன்வாடிகள் பல ஒற்றை வாடகை அறையில், பெயரிலுள்ள முற்றம் இல்லாமல் இயங்குகின்றன. 2017இலும் 2021இலும் சுற்றுப்புற ஊர்கள் இணைக்கப்பட்டு மாநகராட்சியின் எல்லை பெரிதும் விரிந்துவிட்ட நிலையில், புதிய நிலம் பெற்றுப் புதிய பூங்கா அமைப்பது பல ஆண்டு வேலை. ஆயினும் உடனே செய்யத்தக்க ஒன்று உண்டு. மாநகராட்சிப் பூங்காக்கள் பல காலையிலும் மாலையிலும் மட்டுமே திறந்திருந்து, இடைப்பட்ட முற்பகலிலும் நண்பகலிலும் பூட்டிக் கிடக்கின்றன. அங்கன்வாடிகளில் குழந்தைகள் இருக்கும் நேரமும் பெரும்பாலும் அதுவே. மரநிழலும் மணலும் வேலியும் உள்ள பூங்கா, நடந்து போகும் தொலைவில் இருக்கும் இடங்களிலேனும், அந்த மூன்று நான்கு மணி நேரம் பணியாளரின் பொறுப்பில் அந்தக் குழந்தைகளுக்கெனத் திறக்கப்படலாம். அதற்கு வேண்டியது ஒரு சாவியும் ஒரு காவலாளியின் பணிநேர மாற்றமும்தான்.